பல்லக்கில் ஏறிய அகராதி

முன்னொரு காலத்தில், ராஜாக்களின் கால் தரையில் படக்கூடாது என்றிருந்த காலத்தில், விசயகண்டன் என்று ஒரு ராஜா இருந்தான். அவன் கால் தரையில் படாமலிருக்க எட்டுப் பேருடைய தோள் தேய்ந்தது. பல்லக்கின் முன்தண்டில் நாலு பேர், பின்தண்டில் நாலு பேர். முன்னால் போகிறவனுக்குப் பாதை தெரியும். பின்னால் வருகிறவனுக்குப் பல்லக்கின் முதுகுதான் தெரியும். அதனால் முன்னவன் குரல் கொடுப்பான். பள்ளம் என்றால் ‘ஆ’. கல் என்றால் ‘ஏ’. சறுக்கல் என்றால் ‘ஓ’. தோளில் ராஜாவை வைத்துக்கொண்டு அதற்குமேல் நீட்டிப் பேச மூச்சு ஏது?

ஒருநாள் ராஜாவுக்குத் திடீரென்று சந்தேகம் வந்தது.

“இந்த ஆட்கள் வழியெல்லாம் ஆ, ஏ, ஓ என்கிறார்களே, அதற்கு என்ன பொருள்?” என்று சபையில் கேட்டான்.

தூக்குகிறவர்களையே கேட்டிருக்கலாம். அந்தச் சபையில் அப்படியொரு வழக்கமில்லை. தாண்டவப் பண்டிதர் எழுந்தார். பன்னிரண்டு வருஷம் அரண்மனைச் சோறு தின்று ஓர் அகராதி எழுதி முடித்தவர்.

“மன்னர் மன்னா, சொல்ல நாக்கூசுகிறது. ஆ என்றால் பசு. ஏ என்றால் அம்பு. ஓ என்றால் மதகில் தண்ணீரைத் தடுக்கும் பலகை. தங்களைப் பசு என்கிறான். அம்பு எய்ய யாருக்கோ ஜாடை காட்டுகிறான்.”

“பலகை?”

“அதில்தான் சதியின் ஆழமே இருக்கிறது, மன்னா.”

குரல் கொடுத்த முன்தண்டுக்காரன் ஒச்சானுக்கு அறுபது கசையடி என்று தீர்ப்பானது. இனிமேல் பல்லக்கைத் தூக்குகிறவர்கள் அகராதித் தமிழ்தான் பேச வேண்டும் என்று சட்டமும் ஆனது.

அரண்மனை விகடன் குப்பாண்டி அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய அப்பன் அதே தண்டுக்குத் தோள் கொடுத்துச் செத்தவன். அறுபது அடி வாங்கின முதுகு பிறகு எதையும் தூக்காது என்று அவனுக்குத் தெரியும். தூக்காத முதுகுக்கு அந்த ஊரில் சோறு கிடையாது என்பதும் தெரியும்.

“மகாராஜா, தீர்ப்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. புதுத் தமிழில் பல்லக்கு போகுமா என்று மட்டும் முதலில் பார்த்துவிடலாம். தங்கள் திருமேனியை வைத்துச் சோதிக்கக் கூடாது. பண்டிதர் ஏறட்டும்.”

பல்லக்கு மரியாதை பண்டிதரின் இருபது வருஷ ஆசை. முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

“பயணம் நல்லபடி முடிந்தால், இந்த விகடனும் தண்டு சுமக்கட்டும் மன்னா!”

“முடியாவிட்டால்?” என்றான் ராஜா.

“ஒச்சானை விட்டுவிட வேண்டும். அகராதியில் நான் சொல்கிறபடி நாலு வரி ஏற வேண்டும்” என்றான் குப்பாண்டி.

எந்தக் குரல் எதற்கு என்று ஒச்சானிடமே கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பதிலாக மூன்று நாள் பண்டிதரே வாய்ப்பாடம் சொல்லிக்கொடுத்தார். நாலாம் நாள் காலையில் பண்டிதர் பல்லக்கில் ஏறினார். ராஜா குதிரையில் கூட வந்தான். ஒச்சான் குப்பாண்டியின் காதைக் கடித்தான்.

“டேய் குப்பா, இந்த ஆளக் கீழ போட்டுரவா?”

“போடாதீங்க சித்தப்பா. சொல்லிக் கொடுத்தத ஒரு எழுத்து விடாமச் சொல்லுங்க, போதும்.”

“அதச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பள்ளம் வந்துருமேடா!”

“வரட்டும்.”

முதல் வளைவிலேயே வந்தது.

“பின்னே வருகின்ற பெருமக்களே! நம் வலப்பக்கத்தே ஒரு சாண் ஆழமுடைய…” என்று ஒச்சான் ஆரம்பிக்கும்போதே பின்னவர்கள் பள்ளத்துக்குள் இருந்தார்கள். பண்டிதரின் மண்டை பல்லக்கின் மேற்கட்டையில் இடித்தது.

“சுருக்கமாகச் சொல்லித் தொலையேன்டா!”

“சுருக்குறதுக்குச் சட்டத்துல இடமில்லீங்களே சாமி.”

அடுத்து, “கூர்மை பொருந்திய கருங்கல்லொன்று…” பண்டிதரின் பாதி உடம்பு திரைக்கு வெளியே வந்துவிட்டது.

அதற்கப்புறம் வாய்க்கால் வரப்பு. ஒரு முழ அகலம். இரண்டு பக்கமும் சேறு. ராத்திரி மழையில் வழுவழு என்று கிடந்தது. திரைக்கு வெளியே தொங்கிய பண்டிதர் அதைப் பார்த்தார். ஒச்சான் மூச்சை இழுத்து, “பின்னே வருகின்ற பெருமக்களே…” என்றான்.

“ஓ!” என்று அலறினார் பண்டிதர். “ஓ! அடப்பாவிகளா, ஓ!”

பின்தண்டு நாலு பேரும் கால்விரலைச் சேற்றில் ஊன்றினார்கள். பல்லக்கு நின்றது. பண்டிதர் விடவில்லை. ஏ என்றார், தாண்டினார்கள். ஆ என்றார், விலகினார்கள். வரப்பு முடிகிறவரை தொண்டை கிழியக் குரல் கொடுத்து எட்டுப் பேரையும், முக்கியமாகத் தன்னையும், கரை சேர்த்தார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் பேசிய பேச்சு ஒருவருக்கு உபயோகப்பட்டது அன்றைக்குத்தான்.

குப்பாண்டி ராஜாவின் முன்னால் கைகட்டி நின்றான்.

“மகாராஜா, பண்டிதர் யாருக்கு அம்பு ஜாடை காட்டினார் என்று விசாரிக்க வேண்டும். அந்தப் பலகையைப் பற்றியும்.”

ராஜா சிரித்த சிரிப்பில் குதிரை மிரண்டது. ஒச்சானுக்கு அடி இல்லை என்றாயிற்று. அகராதியில் நாலு வரி ஏறியது:

ஆ – பசு; பள்ளம், விலகு.
ஏ – அம்பு; கல், தாண்டு.
ஓ – மதகுப்பலகை; சறுக்கல், விரலை ஊன்று.
பொருள் சொன்னவன் – முன்தண்டு ஒச்சான்.

நாலாவது வரியை எழுதுவதற்கு முன்னால் பண்டிதர் மூன்று தடவை எழுத்தாணியைத் தீட்டினாராம்.

குப்பாண்டிக்கு ராஜா தன் பட்டுச் சால்வையைப் பரிசாகப் போட்டான். அவன் அதை நாலாக மடித்து, ஒச்சானின் தோளில் தண்டு உரசிக் காய்த்துப்போன இடத்தில் வைத்தான்.

மறுநாள் ராஜா சிரித்த முகத்தோடு பல்லக்கில் ஏறிக் கோயிலுக்குக் கிளம்பினான். முதல் வளைவில் அதே பள்ளம் வந்தது.

“ஆ!” என்றான் ஒச்சான்.

அந்தப் பள்ளத்தை மூடச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.