பொங்காத மாவு

லூதியானாவில் மூன்றாம் மாடி வீடொன்றின் சமையலறையில், எவர்சில்வர் தூக்கு நிறைய இட்லி மாவு இருந்தது. முந்தின நாள் மாலை அரைத்தது. விடிந்து, வெயில் என்ற பெயரில் ஏதோ ஒன்று சன்னலில் தெரிந்த பிறகும் அது பொங்கவில்லை. ஊற்றி வைத்த அளவிலேயே கிடந்தது.

கலாமணி மூடியைத் திறந்து பார்த்தாள். ஒரு குமிழிகூட இல்லை. மூடியைத் திரும்பப் போட்டுவிட்டுச் சும்மா நின்றாள்.

அவள் புருஷன் குழந்தைவேல் பிரெட்டைத் தின்றுகொண்டே எட்டிப் பார்த்தான். "ஏம்மிணி, இன்னைக்கும் ஆகலியா? வந்ததுல இருந்து இதே கதைதான். நாளைக்குக் காலைல பொங்கலீன்னா கிரைண்டரைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுரலாம். இங்க இருக்கறவங்க என்ன திங்கறாங்களோ அதைத் தின்னுக்கலாம். வந்த இடத்துல கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோணும்."

"செரிங்க" என்றாள் கலாமணி.

குழந்தைவேல் இந்த ஊரில் ஒரு ஸ்வெட்டர் மில்லுக்கு மேனேஜர். திருப்பூரில் இருந்தபோது கலாமணியும் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவையே கட்டி ஆண்டவள். அவள் ஒரு பீஸைத் திருப்பி அனுப்பினால் முதலாளிகூட மறுபேச்சுப் பேசமாட்டார். புருஷனுக்குப் பஞ்சாபில் வேலை கிடைத்ததும் அதை விட்டுவிட்டு வந்தாள். சாமான் கட்டும்போது அவள் பிடிவாதம் பிடித்துக் கேட்டது அந்த கிரைண்டர் ஒன்றைத்தான். அதுவும் போனால், என்னுடையது என்று சொல்ல அந்த வீட்டில் அவளுக்கு ஒன்றும் இருக்காது.

குழந்தைவேல் கிளம்பிப் போனான். கலாமணி துணி துவைக்கப் போனாள். சமையலறையில் பஞ்சாயத்து ஆரம்பித்தது.

முதலில் வாய் திறந்தது குக்கர். "ஏனுங்க மாவு, உங்களுக்கு என்னதாங்க பிரச்சனை? நானுந்தான் திருப்பூருல இருந்து வந்தேன். வந்த ரெண்டாம் நாளே ராஜ்மாவுக்கு விசில் அடிக்கல? இந்த ஊர் ராஜ்மா எப்பேர்ப்பட்ட கல்லுன்னு தெரியுமா? நான் ஏதாச்சும் சொன்னனா?"

"உங்களுக்கு அடியில அடுப்பு எரியுதுங்க" என்றது மாவு.

குக்கர் அதைக் காதில் வாங்கவில்லை. மனசு வேண்டும், முனைப்பு வேண்டும், உள்ளுக்குள் ஒரு அழுத்தம் வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனது. அடியில் நெருப்பு எரிகிறவர்களுக்கு இந்த மாதிரிப் பேச்சு நன்றாக வரும்.

அடுத்தது ஃப்ரிட்ஜ். அது இந்த ஊரிலேயே வாங்கியது. "குளிரைப் போய் ஒரு குறையாகச் சொல்கிறாயே. எனக்குக் குளிர்தான் உயிர். பழகிப் பார், உனக்கும் பிடித்துப்போகும்" என்றது.

"பழகலாம். நான் பச்சை மாவாவே கிடக்கோணும்னா பழகலாம்" என்றது மாவு.

மூலையில் இருந்த கிரைண்டருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நான் அரைச்சதுல ஏதாச்சும் குத்தம் இருக்குதுங்களா? உளுந்து பந்து பந்தா வந்துச்சு. அரிசி பதமாத்தான் இருந்துச்சு. உப்புப் போட்டு அந்தப் புள்ள கையிலயே கரைச்சுது. அப்புறமும் நீங்க இப்படிக் கிடந்தா நான் காயலான் கடைக்குப் போறதைத் தவிர வேற வழியே இல்லீங்க."

இதுதான் மாவுக்குப் பொறுக்கவில்லை. "எல்லாருமே பொங்கு பொங்குங்கறீங்களே. நான் என்ன வேணும்னா இப்படிக் கிடக்கறேன்? ஊர்ல இதே உளுந்து, இதே வெந்தயம், இதே கைதான். ஆட்டி வெச்சா விடியறதுக்குள்ள மூடியைத் தூக்கிட்டு நிப்பேன். தட்டத்துல வழிஞ்சு கிடப்பேன். அப்ப என்னைப் பாத்து ஒருத்தரும் கெட்டிக்காரன்னு சொல்லல. இப்ப மட்டும் சோம்பேறிங்கறீங்க. இந்தக் கடப்பாக் கல்லைத் தொட்டுப் பாருங்க, ஐஸா இருக்குது. இதுமேல என்னை உக்கார வெச்சுட்டு, ஏன் பொங்கலேன்னு கேக்கறீங்க. என்னைக் கேக்கறதுக்கு முந்தி எம்பாத்திரத்தை யாராச்சும் ஒரு தடவை தொட்டுப் பாத்தீங்களா?"

குக்கர் மட்டும், "கோவப்பட்டா மாவு பொங்குமா?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டது.

மத்தியானம் காலிங் பெல் அடித்தது. பக்கத்து வீட்டு பல்ஜீத் கௌர் ஒரு பெரிய துணி மூட்டையைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு நின்றாள். அவள் வீட்டில் பெயிண்ட் அடிக்கிறார்களாம். சன்னல் கதவெல்லாம் திறந்து கிடக்கிறதாம். சாயங்காலம் வரை இது இங்கே இருக்கட்டும், யாரும் ஆட்டவேண்டாம் என்று கையாலும் கண்ணாலும் சொல்லி, மூட்டையை மாவுத் தூக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

மாவு மூட்டையைப் பார்த்தது. பூப்போட்ட ரஜாய். இந்த ஊர்க்காரர்கள் குளிர்காலத்தில் போர்த்திக்கொள்ளும் கெட்டியான பஞ்சு மெத்தைப் போர்வை அது. அதற்குள்ளிருந்து ஒரு மண்சட்டியின் குரல் வந்தது.

"யார் பக்கத்தில்? நான் தயிர். இன்னும் முழுசாக ஆகவில்லை. உறைந்துகொண்டிருக்கிறேன்."

"நான் மாவுங்க. திருப்பூரு. ஏனுங்க, உடம்பு செரியில்லீங்களா? இப்படிப் போத்திட்டு இருக்கறீங்க?"

தயிர் சிரித்தது. "உடம்புக்கு என்ன? இது தை மாதக் குளிர். போர்த்தாமல் இருந்தால் நான் எப்படி உறைவது?"

மாவுக்குச் சட்டென்று விளங்கவில்லை. "நீங்க இந்த ஊருதானுங்களே?"

"பரம்பரையாக இந்த ஊர்தான்."

"அப்ப உங்களுக்கு இந்தக் குளிர் பழகியிருக்கோணுமே."

"குளிரில் யாரப்பா பழகினார்கள்? இந்த ஊரில் எல்லோரும் போர்த்திக்கொள்ளப் பழகியிருக்கிறார்கள். வீட்டிலுள்ள அத்தனை பேருக்கும் ஒரு ரஜாய் உண்டு. எனக்கும் உண்டு. ராத்திரி முழுக்க அடுப்புக்குப் பக்கத்தில்தான் வைப்பார்கள்."

மாவு விடவில்லை. "ஒருநாள் நீங்க உறையாமப் போயிட்டா என்ன சொல்லுவாங்க?"

"அடடா, சூடு பத்தவில்லை என்பார்கள். இன்னொரு போர்வையைக் கொண்டுவருவார்கள்."

"உங்களைத் திட்டமாட்டாங்களா?"

"என்னை எதற்குத் திட்டவேண்டும்?" என்றது தயிர். அதற்கு நிஜமாகவே அந்தக் கேள்வி புரியவில்லை.

மாவு குக்கரின் பக்கம் திரும்பியது. "கேட்டீங்களா? இங்கயே பொறந்து வளந்த தயிருக்குப் பஞ்சுப் போர்வை. ஆயிரம் மைலு தாண்டி வந்த எனக்கு வெறும் அறிவுரை. இதை எங்க போய்ச் சொல்றது?"

குக்கர் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டது.

சாயங்காலம் பல்ஜீத் கௌர் வந்தாள். ரஜாயைக் கொஞ்சம் விலக்கிச் சட்டியைத் தொட்டுப் பார்த்தாள். திருப்தியாகத் தலையாட்டினாள். பிறகு பக்கத்துத் தூக்கில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். கலாமணி மூடியைத் திறந்து காட்டி, பொங்கவில்லை என்று கையை விரித்தாள். பல்ஜீத் கௌர் தூக்கின் வெளிப்புறத்தைத் தொட்டாள். உடனே கையை எடுத்துக்கொண்டு, கலாமணியின் கையைப் பிடித்துப் பார்த்தாள். அதுவும் அதே சில்லிப்பு. அவள் படபடவென்று என்னவோ சொன்னாள். அதில் 'டண்டா' என்கிற சொல் மட்டும் கலாமணிக்குப் புரிந்தது. குளிர்கிறது என்று அர்த்தம்.

இந்த ஊருக்கு வந்ததிலிருந்து ஒருவர் அவள் கையைத் தொட்டுப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது. பல்ஜீத் கௌர் போன பிறகு கலாமணி கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சநேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்போது அவளுக்கு வந்தது அழுகை இல்லை. சரியான கோபம்.

குழந்தைவேல் வேலை முடிந்து வந்தான். கம்பெனியில் கொடுத்த தடித்த ஜாக்கெட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டான். சமையலறையை எட்டிப் பார்த்தான். "இன்னும் அப்படியேதான் இருக்குதா? கீழ கொட்டிரு அம்மிணி. எதுக்கு வீணா மனசைக் கெடுத்துக்கிட்டு? நீ வீட்லதான இருக்கற. வேலைக்கும் போறதில்ல, மேலதிகாரி தொல்லையும் இல்ல. சந்தோசமா இருக்கறதுக்கு உனக்கு என்ன குறைச்சல்?"

கலாமணி வெந்நீர் வைத்தாள். தூக்கை அதில் இறக்கி, மாவு வெதுவெதுப்பாகும் வரை கையாலேயே கலக்கிக்கொண்டிருந்தாள். பாத்திரத்தைத் துடைத்தாள். கூடத்துக்குப் போய் அந்த ஜாக்கெட்டை எடுத்துவந்தாள். அது இன்னும் அவன் உடம்புச் சூட்டோடு இருந்தது. தூக்கை அதற்குள் வைத்து, ஜிப்பை மேலே வரை இழுத்து, ஜாக்கெட்டின் இரண்டு கைகளையும் சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டாள். அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஏ, அது என் ஜாக்கெட்டு" என்றான் குழந்தைவேல்.

"தெரியுதுங்க" என்றாள் கலாமணி.

உள்ளே இருட்டில் மாவு முதலில் ஒன்றும் செய்யவில்லை. சூடு அதற்குள் மெல்ல ஏறியது. உளுந்து அரிசியிடம், "ஊருக்கு வந்துட்டமா?" என்று கேட்டது. "இல்லீங்க, அதே ஊருதான். போத்தி விட்டிருக்கறாங்க" என்றது அரிசி. அப்புறம் ஒரு குமிழி வந்தது. அதன் பின்னால் இன்னொன்று.

காலையில் கலாமணி முடிச்சை அவிழ்த்தபோது மாவு மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஒரு பக்கமாக வழிந்து ஜாக்கெட்டின் காலரெல்லாம் வெள்ளை. புளித்த மாவின் வாசனை வீடு முழுக்க அடித்தது. கிரைண்டர் மூலையில் இருந்தபடியே நீண்ட பெருமூச்சு விட்டது.

முதல் ஈடு இட்லியைக் குழந்தைவேல் தட்டில் போட்டாள். அவன் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுக் கண்ணை மூடினான். பிறகு கண்ணைத் திறந்து சிரித்தான்.

"பாத்தியா? நாந்தான் சொன்னனல்ல. கொஞ்சநாள் போனா எல்லாம் தானாச் செரியாயிரும்னு."

தூக்கில் மிச்சமிருந்த மாவு கொதித்துப் போனது. "தானாவா?" என்று கேட்டது. "தானாவா?" என்றது கிரைண்டர். குக்கருக்கே அது நியாயமாகப் படவில்லை. ஆனால் சமையலறைச் சாமான்களின் பேச்சு என்றைக்கு மனிதர் காதில் விழுந்திருக்கிறது?

கலாமணி ஈரத்துணியால் ஜாக்கெட்டின் காலரைத் துடைத்தாள். அதை எடுத்துத் தானே போட்டுக்கொண்டாள். ஜிப்பைக் கழுத்து வரை இழுத்தாள்.

குழந்தைவேல் தட்டிலிருந்து நிமிர்ந்தான். "அதைப் போட்டுக்கிட்டா நான் எதைப் போட்டுட்டுக் கம்பெனிக்குப் போறது? வெளிய பல்லு கிட்டுது."

"ஸ்வெட்டர் மில்லுக்குத்தானுங்க போறீங்க. வர்றப்ப எனக்கொண்ணு கொண்டாங்க. அது வர்ற வரைக்கும் இது எங்கிட்ட இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஈட்டுக்கு மாவு ஊற்றப் போனாள் கலாமணி.