கிணற்றில் விழுந்த அனுமதி

ஒரு வாய்க்கால். அதற்குத் தெற்கே தென்கரை நாடு, வடக்கே வடகரை நாடு. இந்த நாட்டில் ஒருத்தர் தும்மினால் அந்த நாட்டில் இருக்கிறவர் "நூறாயுசு" என்பார். அவ்வளவுதான் நடுவில் இருக்கிற தூரம். தேசப்படத்தில் தேடிப் பார்த்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். படம் வரைந்தவர் சரியாக அந்த இடத்தில் மூக்குப்பொடியைச் சிந்திவிட்டார்.

தென்கரை நாட்டில் பொன்னுரங்கம் என்று ஒருவர் இருந்தார். அவரிடம் ஒரு பாதாளக் கரண்டி இருந்தது. கிணற்றில் குடமோ வாளியோ விழுந்துவிட்டால் கயிற்றில் கட்டி இறக்கித் துழாவுகிற, சுற்றிலும் கொக்கி வைத்த இரும்புச் சாமான். இரண்டு நாட்டுக்கும் சேர்த்து அது ஒன்றுதான். கரண்டியை இறக்க அவருடைய மச்சினன் சடையப்பன், கயிறு இழுக்கச் சிநேகிதர் சீமைச்சாமி. மூன்று பேரும் சேர்ந்து இழுத்தால் எது விழுந்தாலும் மேலே வந்துவிடும். மூன்று பேரும் சேர்ந்து யோசித்தால்தான் வம்பு.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு வாய்க்காலின் அந்தக் கரையிலிருந்து மாசிலாமணி கத்தினார். அன்று அவர் மகனுக்குக் கல்யாணம். பத்தரைக்குள் முகூர்த்தம். தாலியை மஞ்சள் தண்ணீரில் நனைக்கிறேன் பேர்வழி என்று தட்டோடு கிணற்றடிக்குப் போன மனுஷன், தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று குனிந்து பார்த்திருக்கிறார். தட்டு கையில் இருந்தது. தாலி கயிறோடு உள்ளே போய்விட்டது.

"பொன்னுரங்கம்! கரண்டியைத் தூக்கிட்டு ஓடியாய்யா! மானம் போகுது!"

பொன்னுரங்கத்துக்கு மனசு பதறியது. இருந்தாலும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

"அண்ணாச்சி, நாடு விட்டு நாடு வந்து வேலை செய்யணும்னா அனுமதி வேணும். அது கையில இல்லாம கரண்டியை இறக்கினா பறிமுதல். போன வருஷம் ஒருத்தனோட ஏணியைப் பிடுங்கிட்டாங்க. இந்தக் கரண்டி போச்சுன்னா எங்க மூணு வீட்டு அடுப்பும் எரியாது."

"அதெல்லாம் இப்ப லேசாக்கிட்டாங்கய்யா! முந்தி ஏழு ஆபீஸ், பதினாலு முத்திரை. இப்ப ஒரே பக்கம், மூணே கேள்வி, போன்லயே முடிஞ்சிடும். ரெண்டு சர்க்காரும் கூடிப் பேசிச் செஞ்சிருக்கு. வா, வா!"

பொன்னுரங்கத்திடம் போன் இருந்தது. கிணற்று வேலைக்காரரின் போன் ஆனதால் எப்போதும் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, வாயைச் சணலால் இறுக்கிக் கட்டி வைத்திருப்பார். இல்லாதது சிக்னல்தான். அந்த வட்டாரத்தில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் மாசிலாமணி வீட்டுக் கிணற்றுச் சுவர். அங்கேயும் போனைக் கிணற்றுக்கு மேலே நீட்டிப் பிடித்தால்தான் கிடைக்கும். கரண்டியைச் சுமந்துகொண்டு வாய்க்காலைத் தாண்டுவதில் குற்றமில்லை, இறக்கினால்தான் குற்றம். ஆகவே மூவரும் தாண்டினார்கள்.

கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து போனை நீட்டியதும் விண்ணப்பம் திறந்தது. சீமைச்சாமி எழுத்துக் கூட்டிப் படித்தார். "'இனி எந்த அலுவலகத்துக்கும் வர வேண்டாம். வீட்டில் உட்கார்ந்தபடியே விண்ணப்பிக்கலாம்.'"

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மச்சான், நாம இப்ப எங்க உட்கார்ந்திருக்கோம்?" என்றான் சடையப்பன்.

"கிணத்துச் சுவர்ல."

"இது வீடா?"

"இல்லையே."

"அட, அது ஒரு பேச்சுக்குப் போட்டிருக்காங்கப்பா!" என்றார் மாசிலாமணி.

பொன்னுரங்கம் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "சர்க்கார் பேச்சுக்கு எழுதுமா அண்ணாச்சி?"

வீட்டில் உட்கார்ந்தால் சிக்னல் இல்லை. சிக்னலில் உட்கார்ந்தால் வீடு இல்லை. கால் மணி நேரம் யோசித்தார்கள். கடைசியில் சீமைச்சாமிதான் கண்டுபிடித்தார். "வீட்டுக்குள்ள எப்படிப் போறோம்? கதவு வழியா. அப்ப கதவுக்கு உள்பக்கம் எதுவோ அதுதானே வீடு?"

உடனே திரும்பி ஓடிப்போய்ப் பொன்னுரங்கத்தின் வாசல் கதவைக் கழற்றினார்கள். அவர் மனைவி செண்பகவல்லி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"ஐயோ, கதவை எங்க கொண்டு போறீங்க? ஆடு உள்ள வந்துடுமே!"

"வீடு இல்லாத இடத்துக்கு ஆடு எப்படி வரும்? சாயங்காலம் வீட்டைத் திருப்பிக் கொண்டாந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் பொன்னுரங்கம் போனார்.

கதவைக் கிணற்றடியில் நிறுத்தி, விழாமல் பிடித்துக்கொள்ளச் சமையல்காரர் இருவரை விட்டார்கள். மூவரும் கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வந்து சுவரில் உட்கார்ந்தார்கள். அந்த வழியாக வந்த வடகரை எல்லைக் காவலர் இதைப் பார்த்துவிட்டுக் கதவைத் தட்டினார்.

"யாரு?" என்றார் பொன்னுரங்கம்.

"எல்லைக் காவல். அங்க என்ன செய்யுறீங்க?"

"வீட்ல உட்கார்ந்திருக்கோம்."

காவலர் கொஞ்ச நேரம் யோசித்தார். அடுத்தவர் வீட்டுக்குள் நுழைய உத்தரவு வேண்டும், அது தன்னிடம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வடகரையிலும் இவர்களுக்கு ஈடான ஆள் இல்லாமல் இல்லை பாருங்கள்.

முதல் கேள்வி: என்ன சேவை? 'விழுந்ததை எடுப்பது' என்று போட்டார்கள். அதில் சிக்கல் இல்லை.

இரண்டாவது: கருவியின் படம், பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும். கல்யாண வீட்டுச் சுவரெல்லாம் ரோஸ் கலர். மூவரும் சுற்றுமுற்றும் தேடினார்கள். அங்கே வெள்ளையாக இருந்தது மாசிலாமணியின் புது வேட்டி ஒன்றுதான்.

"அண்ணாச்சி, கொஞ்சம் பெரிய மனசு பண்ணணும்."

சம்பந்தி வீட்டார் வந்து இறங்கும் நேரத்தில் மாசிலாமணி கோடு போட்ட அரை டிராயரோடு வாழைமரத்துக்குப் பின்னால் நின்றார். கரண்டியின் படம் நன்றாக வந்தது.

மூன்றாவது கேள்வி: 'சம்மதமா?'

"எதுக்கு?" என்றான் சடையப்பன்.

"தெரியலை. மரியாதையாக் கேக்குறாங்க, சம்மதம்னு போடு" என்றார் பொன்னுரங்கம்.

அதற்குக் கீழே சமர்ப்பிக்கும் பொத்தான். அதன்கீழே சிவப்பு எழுத்தில் ஒரு வரி. சீமைச்சாமி இரண்டு தரம் படித்தார். "'அழுத்தியவுடன், பதில் வரும்வரை போனைத் தொடக் கூடாது.'"

பொன்னுரங்கம் சாமியை வேண்டிக்கொண்டு அழுத்தினார். அழுத்தியவுடன் இரண்டு கையையும் எடுத்துவிட்டார்.

தொபுக்.

குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "தொடலை" என்றார் நிம்மதியாக.

மாசிலாமணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மணி ஒன்பதே முக்கால். சத்தம் கேட்டு மணப்பெண் பூங்கோதையே மாலையும் கழுத்துமாகக் கிணற்றடிக்கு வந்துவிட்டாள். தாலி கிணற்றில் கிடப்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கிணற்றுக்குள் 'டிங்' என்றது. தண்ணீருக்குள் சிக்னல் எப்படிப் போனது என்று என்னைக் கேட்காதீர்கள். போனது.

"அனுமதி வந்துடுச்சு!" என்று மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

"அப்ப இறக்குங்கய்யா!"

பொன்னுரங்கத்தின் முகம் சுருங்கியது. "எப்படி அண்ணாச்சி? கரண்டியை இறக்கணும்னா அனுமதி கையில இருக்கணும். அனுமதி கிணத்துல இருக்கு. அதை எடுக்கணும்னா கரண்டியை இறக்கணும்."

"இன்னொரு போன்ல இன்னொரு அனுமதி கேப்போம், இந்த அனுமதியை எடுக்க" என்றார் சீமைச்சாமி.

"அதுவும் விழுந்துட்டா?" என்றான் சடையப்பன். மூவரும் கவலையோடு தலையாட்டினார்கள்.

பூங்கோதைக்குப் பொறுக்கவில்லை. "அந்த போன் யாரோடது?"

"என்னோடதும்மா."

"உங்க பொருளை நீங்க எடுக்கிறது உங்க வீட்டு வேலை. அதுக்கு எந்த சர்க்கார் அனுமதி கேக்கும்?"

பொன்னுரங்கம் அசந்துபோனார். சடையப்பன் கதவைத் தட்டிப் பார்த்து, "வீட்டுக்குள்ளதான் இருக்கோம் மச்சான், சரியாத்தான் வருது" என்றான்.

கரண்டி இறங்கியது. துழாவினார்கள். கனம் தட்டியது. மேலே இழுத்தார்கள். கொக்கியில் மஞ்சள் கயிறு, அதன் நுனியில் மினுமினுவென்று தாலி!

கூட்டம் ஹோவென்று கூவியது. மேளக்காரர் கொட்டியே விட்டார். பொன்னுரங்கம் தாலியைக் கொக்கியிலிருந்து பக்குவமாக எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது போன் இல்லையே" என்றார். மறுபடி கிணற்றுக்குள் போட்டார்.

மேளம் பாதியில் நின்றது. மாசிலாமணி தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணாச்சி. தாலிக்கு இன்னும் அனுமதி கைக்கு வரலை. கரண்டி போயிடும்."

அடுத்த தரம் ஒரு பித்தளைச் செம்பு வந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் மாசிலாமணியின் மாமியார் தொலைத்தது. அதையும் போட்டார். மூன்றாம் தரம் போன் வந்தது. சீமைச்சாமி பையைத் துடைத்துவிட்டுப் படித்தார். "'அனுமதி வழங்கப்பட்டது.'" அதன்பிறகுதான் தாலிக்காகக் கரண்டியை இறக்கினார்கள். பத்து இருபத்தைந்துக்குத் தாலி மேலே வந்தது. பத்து இருபத்தெட்டுக்குப் பூங்கோதையின் கழுத்தில் ஏறியது. மாசிலாமணிக்கு வேட்டியும் திரும்பக் கிடைத்தது, உயிரும் வந்தது.

பொன்னுரங்கத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெளிநாட்டில் முதல் வேலை, கரண்டியும் பத்திரம். மூவரும் முதல் பந்தியில் உட்கார்ந்து, பாயசத்தை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, வீட்டை எடுத்துக்கொண்டு போகலாம் என்று கிணற்றடிக்கு வந்தார்கள். கதவைத் தூக்கும்போது போன் மறுபடி 'டிங்' என்றது.

"'பணி முடிந்தபின் பணியிடத்தை, முன்பு எப்படி இருந்ததோ அப்படியே விட்டுச் செல்ல வேண்டும். தவறினால் கருவி பறிமுதல் செய்யப்படும்'" என்று படித்தார் சீமைச்சாமி.

மூவரும் கிணற்றைச் சுற்றி வந்து பார்த்தார்கள்.

"நாம வரும்போது சுவர்ல என்ன இருந்தது?" என்றார் பொன்னுரங்கம்.

"ஒரு காக்கா."

"அதோ, திரும்ப வந்து உட்கார்ந்திருக்கு. சரி. கிணத்துக்குள்ள?"

"செம்பு. அதைத்தான் அப்பவே போட்டுட்டோமே."

"வேற?"

மூன்று தலையும் மெல்லப் பந்தல் பக்கம் திரும்பின.

மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து ஜாங்கிரி தின்றுகொண்டிருந்த பூங்கோதை நிமிர்ந்து பார்த்தாள். அந்த மூன்று முகத்தையும் பார்த்த உடனே அவளுக்கு விளங்கிவிட்டது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரே ஓட்டம். பின்னாலேயே கரண்டியும் கையுமாகப் பொன்னுரங்கம், அவர் பின்னால் கதவோடு மற்ற இருவர்.

"பயப்படாதம்மா!" என்று பொன்னுரங்கம் மூச்சிரைக்கக் கத்திக்கொண்டே ஓடினார். "கல்யாணமான அன்னிக்கே தாலியைக் கழற்றச் சொல்ற அளவுக்கு நாங்க விவரமில்லாதவங்க இல்லை! நீ அப்படியே அதோட சேர்ந்து கிணத்துல இறங்கிடு! அடுத்த நிமிஷமே தூக்கிடறோம், அனுமதி கையிலதான் இருக்கு!"