உப்பளத் தெருவின் ஒரே வரி

கடலோரக் கல்லூரி ஒன்றில் ஒரு குரு இருந்தார். தாடியும் கமண்டலமும் இல்லாத குரு. பெயர் ஜெசிந்தா, வயது நாற்பதைத் தொடவில்லை. கணினிக்குத் தமிழ் படிக்கச் சொல்லிக்கொடுத்து, அது படித்ததைக் கொண்டு ஊர் மக்களைப் புரிந்துகொள்வது அவருடைய ஆராய்ச்சி. சீடருக்கோ தலை முழுக்க நரை. மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற கையோடு ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தவர். பெயர் தட்சிணாமூர்த்தி. பெயரில்தான் குரு.

நகராட்சி ஒரே ஒரு தெருவுக்குத்தான் முதலில் புதுத் தண்ணீர்க் குழாய் போடும். மக்கள் கைபேசியில் அனுப்பிய புகார்களைப் படித்து, எந்தத் தெரு அதிகம் தவிக்கிறது என்று சொல்லும் பொறுப்பு இவர்களுடையது. அன்று காலை அதற்கான கூட்டம்.

கணினி விடை சொல்லிவிட்டது. பங்களாக்கள் நிறைந்த கடற்கரை நகர்தான் முதலிடம். உப்பளத் தெருவிலிருந்து வந்தது ஒரே ஒரு புகாராம். அந்தத் தெரு வழியாகத்தான் சீடர் தினமும் வருகிறார். விடிந்தால் அங்கே காலிக் குடங்கள் வரிசைகட்டி நிற்கும். அவருக்கு மனசு உறுத்தியது.

கூட்டத்துக்குப் போகக் கல்லூரிப் பஸ்ஸில் ஏறியதும் கேட்டுவிட்டார்.

"மேடம், மிஷின் தமிழைக் கரைச்சுக் குடிச்சிருச்சு. ஊர் மட்டும் ஏன் அதுக்குப் புரியல?"

"புகாரையெல்லாம் எப்படிச் சுத்தம் பண்ணீங்க சார்?"

"எப்பவும் பண்றதுதான். அச்சு அசலா ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் ஒண்ணா ஆக்கிட்டேன்."

ஜெசிந்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாதி வழியில் பஸ் இருமியது, நின்றது. கிழட்டு வண்டி, அதற்கு இது பழக்கம். மாணவர்கள் இறங்கிப் பின்னால் போய்க் கை வைத்தார்கள்.

"ஐலசா! ஐலசா!"

பஸ் மெல்ல நகர்ந்தது. ஜெசிந்தா கையை உயர்த்தினார்.

"நிறுத்துங்க! எல்லாரும் ஐலசாதானே சொல்றீங்க? ஒரே மாதிரி இருக்கு. ஒருத்தர் போதும். சார், நீங்க தள்ளுங்க. மத்தவங்க விலகுங்க."

குரு சொல்லைத் தட்ட முடியுமா? சீடர் தள்ளினார். முக்கினார், முனகினார். பஸ் கல்லாக நின்றது.

"பெரியவரே, தடவிக் குடுக்காதீங்க, தள்ளுங்க!" என்று டிரைவர் தலையை நீட்டிக் கத்தினார்.

எல்லாரும் சிரித்தார்கள். சீடர் சிரிக்கவில்லை. பஸ்ஸில் வைத்த கை வைத்தபடி இருக்க, அவர் முகம் வெளுத்துவிட்டது.

"மேடம்! நான் ஒண்ணா ஆக்கினதெல்லாம் வேற வேற ஆளுங்க!"

"முதல்ல பஸ்ஸைக் கிளப்புவோம் சார்."

பஸ் கிளம்பியதும் சீடர் மடிக்கணினியைத் திறந்து, கழித்ததையெல்லாம் திரும்பக் கொண்டுவந்தார். 'எங்க குழாயில காத்துதான் வருது.' அதே வரி, அதே வரி, பக்கம் பக்கமாக. ஒவ்வொன்றும் வேறொரு கைபேசியிலிருந்து. யாராவது ஒருவரின் விளையாட்டாக இருக்குமோ என்று ஓர் எண்ணை அழைத்துப் பார்த்தார். எடுத்தது ஒரு பெண்.

"ஏம்மா, எல்லாரும் ஒரே மாதிரி எழுதியிருக்கீங்க?"

"வேற வேறயா சொன்னா, அவ ஒண்ணு சொல்லுதா, இவ ஒண்ணு சொல்லுதான்னு எங்களப் பிரிச்சு விட்டுருவாங்க சார். அதான் குழாயடியில உக்காந்து பேசி, ஒரே சொல்லா அனுப்புனோம்."

சீடருக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு தெருவையே ஒற்றை ஆளாக்கப் பார்த்தோமே என்று வெட்கம். கூட்டம் இன்னும் தொடங்கவில்லையே என்று அதைவிடப் பெரிய சந்தோஷம்.

கூட்டத்தில் அதிகாரி திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"எல்லாம் ஒரே வரியா இருக்கே. யாரோ ஒருத்தர் கிளப்பி விட்டிருக்கார்."

சீடர் எழுந்தார். மின்வாரியத்தில் ஒருநாளும் குரலை உயர்த்தாத மனிதர், அன்று உயர்த்தினார்.

"ஒருத்தர் இல்லை சார். ஒரு தெருவே கூடிப் பேசி எழுதினது. கைபேசி வேற, வீடு வேற. நான் கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன். சந்தேகம் இருந்தா நீங்களே கூப்பிட்டுப் பாருங்க."

அதிகாரி கூப்பிட்டார். ஓர் எண், இன்னோர் எண், இன்னும் ஒன்று. ஒவ்வொன்றிலும் வேறொரு குரல், சொன்னது அதே வரி. குழாய் உப்பளத் தெருவுக்கு என்று முடிவாயிற்று.

தண்ணீர் வந்த அன்று குருவும் சீடரும் அங்கே போனார்கள். குழாய் முதலில் காற்றைத்தான் விட்டது. தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. பிறகு பீறிட்டது பாருங்கள் தண்ணீர்! பெண்கள் போட்ட குலவையில் தெருவே அதிர்ந்தது. ஜெசிந்தாவும் அவர்களோடு சேர்ந்து போட்டார்.

சீடர் அவர் காதருகே குனிந்து கத்தினார்.

"எத்தனை பேர் போடறாங்கன்னு எண்ணவே முடியல மேடம்!"

"ஒரு ஆள் குறையுது சார். வாயைத் திறங்க."