செருப்போடு விட்ட கோபம்

முன்னொரு காலத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடை இருந்தது. மூன்று மாடி. நாற்காலிகள் சேலை பார்க்க வருகிறவர்களுக்கு மட்டும். வேலை செய்யும் பெண்கள் செருப்பையும் கோபத்தையும் பின்வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். சூப்பர்வைசர் பால்வண்ணன் போட்ட சட்டம் அது.

செருப்பு போட்டது போட்டபடி கிடக்கும். கோபம் அப்படியில்லை. உள்ளே அதன் சொந்தக்காரி ஒரு ஏச்சு வாங்கினால் வெளியே அது ஒரு சுற்றுப் பெருக்கும். காலையில் பூனைக்குட்டியாக விட்டுப் போனதை மாலையில் கன்றுக்குட்டியாக இழுத்துப் போனவர்கள் உண்டு.

பட்டுப் பிரிவில் நிற்கும் செண்பகவடிவின் கோபம் அன்றைக்கு எருமை அளவுக்கு வந்துவிட்டது. ஒரு அம்மாள் எழுபத்திரண்டு சேலையை விரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் எடுப்பா இல்ல" என்று எழுந்து போய்விட்டாள். அத்தனையையும் மடித்து அடுக்கிய வடிவு, கால் கெஞ்சியதால் படிக்கட்டில் இரண்டு நிமிடம் உட்கார்ந்தாள்.

பால்வண்ணன் மைக்கிலேயே கேட்டார். "ஏழாம் நம்பர், என்ன, பொண்ணு பாக்க வந்திருக்காகளா? சம்மணம் போட்டு இருக்கீக?"

மூன்று மாடியும் சிரித்தது.

சாயங்காலம் அவள் எருமையை பஸ்ஸில் ஏற்றினாள். ஏதோ சொல்ல வாயெடுத்த கண்டக்டர், அதன் கண்ணைப் பார்த்ததும் முன்பக்கம் போய்விட்டார்.

வீட்டில் புருஷன் வண்டிமலையான் வாளியில் வெந்நீர் ஊற்றி, கல்லுப்புப் போட்டு வைத்திருந்தான். நல்லவன். அதனாலேயே தினமும் கோபத்தின் கடி அவனுக்குத்தான். ரசம் ஆறியிருந்தால் ஒரு கடி, கொதித்தால் ஒரு கடி. முந்தின நாள்தான் சொல்லியிருந்தான்: "இன்னொரு தடவை இது கடிச்சா, நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன், பாத்துக்கோ." துணிப்பை கட்டித் தயாராகக் கதவோரம் இருந்தது.

வடிவு வாளிக்குள் காலை விட்டாள்.

"சூடு போதுமா?" என்றான்.

"கிழங்கா அவிக்கப் போறீங்க?" என்றாள். சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் கோபம் வாயைப் பிளந்துவிட்டது. அவன் ஒரு கையால் பையை எடுத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் தோளையும் காட்டினான்.

கோபம் வாயை மூடிக்கொண்டது. "எனக்கு வேண்டாம்."

"ஏன், கசக்குதா?" என்றான் அவன்.

"மூணு வருஷமா இதே தோள்தான். எனக்கே வெக்கமா இருக்கு. வெந்நீர் வச்சுக் குடுத்தவன நாய்கூடக் கடிக்காது."

"அப்ப யாரத்தான் கடிப்ப?" என்றாள் வடிவு.

"ஏட்டி, என் மூஞ்சிய ஒரு நாளாவது வெளிச்சத்துல பாத்திருக்கியா?"

வண்டிமலையான் செல்போன் டார்ச்சை அடித்தான். சப்பை மூக்கு. விளக்குமாறு மாதிரி மீசை.

"இது உன் ஜாடை இல்லையே. என் ஜாடையும் இல்ல. யார் பெத்த பிள்ள இது?"

வடிவு கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "பால்வண்ணன் பெத்தது" என்றாள்.

"நல்லா இருக்கு நியாயம். அவன் பெத்துப் போடுவான், நான் தோளக் குடுத்து வளக்கணுமா?" என்றவன், பையை அவிழ்த்துச் சட்டைகளைக் கொடியில் போட்டான்.

மறுநாள் காலை வடிவு பின்வாசலில் செருப்பை மட்டும் கழற்றினாள்.

"ஏ வடிவு, இத எங்க உள்ள கூட்டிட்டுப் போற?" என்று பதறினாள் காட்டன் பிரிவு மரகதம்.

"அவுக அப்பாவப் பாக்கணுமாம்."

மரகதம் திரும்பித் தன் கோபத்தைப் பார்த்தாள். பக்கத்தில் நின்றவள் தன்னுடையதைப் பார்த்தாள். வரிசை முழுக்கச் சப்பை மூக்கு. ஆளுக்கொன்றைக் கூட்டிக்கொண்டு உள்ளே நடந்தார்கள்.

பால்வண்ணன் மைக்கை எடுத்தபோது படிக்கட்டு அதிர்ந்தது. நாற்பது மீசைகள் அவர் மேஜையைச் சுற்றி நின்றன. எருமை முன்னால் வந்து, மைக் பக்கம் வாயை வைத்து, மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னது:

"அப்பா, பசிக்குது."