பழைய டிஸ்க்கைக் கழற்றின பிறகு

“நான் எப்போ தனியா கடை போடலாம், டீச்சர்?”

மரகதவல்லி இதைக் கேட்டபோது நஸ்ரின் ஒரு கீபோர்டைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து மிக்சர் தூள் கொட்டியது.



மரகதத்துக்கு நாற்பது தாண்டிவிட்டது. நஸ்ரினுக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் கம்ப்யூட்டர் ரிப்பேர் கற்றுக்கொடுக்கிறவள் நஸ்ரின்தான். அதனால் அவள் டீச்சர். மணப்பாறை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில் அவள் கடை.

“விராலிமலையில ஒரு ரூம் பார்த்து வெச்சிருக்கேன். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லலைன்னா ஜெராக்ஸ்காரருக்குக் கொடுத்துடுவேன்னு ஹவுஸ் ஓனர் சொல்லிட்டாரு. அதை விட்டா எங்க ஊர்ல வேற இடம் கிடைக்காது டீச்சர். தினமும் பஸ்ல நசுங்கி வர்றதுக்கு உடம்புல தெம்பும் இல்லை.”

“ம்,” என்றாள் நஸ்ரின். கீபோர்டை இன்னொரு தட்டுத் தட்டினாள்.

அப்போது படியில் மூச்சு வாங்கிக்கொண்டு ஆரோக்கியம் ஏறி வந்தார். பால் சொசைட்டிக்காரர். தோளில் சொசைட்டி கம்ப்யூட்டர்.

“இதுக்குள்ள பல்லி பூந்துடுச்சும்மா. டிக்கு டிக்குன்னு கத்துது.”

மரகதம் கரண்ட் கொடுத்துக் காதை வைத்துக் கேட்டாள்.

“பல்லி இல்லைண்ணே. ஹார்ட் டிஸ்க்கு. சாகப் போகுது.”

“சாயங்காலம் பால் ஊத்த எல்லாரும் வந்துடுவாங்க. இது இல்லைன்னா என்னையத்தான் கறப்பாங்க,” என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

நஸ்ரின் அலமாரியைக் காட்டினாள்.

“புது டிஸ்க் அங்க இருக்கு. விண்டோஸ், கணக்கு, எல்லாத்தையும் அதுக்கு மாத்துங்கக்கா. பழசு வெளிய வந்துடணும்.”

“அப்போ என் கடை?”

“முதல்ல இதை மாத்துங்க.”

மரகதம் உட்கார்ந்தாள்.

“இந்த ஒயரா டீச்சர்?”

“ம்.”

“இங்க சொருகட்டுமா டீச்சர்?”

“ம்.”

பழைய டிஸ்க்கில் இருந்தது திரையில் துண்டு துண்டாகத் தெரிந்தது. பெரிய துண்டில் விண்டோஸ். இன்னொன்றில் பால் கணக்கு. ஓரத்தில் பேர்கூட இல்லாமல் ஒரு பொடித் துண்டு.

அதைப் பற்றிக் கேட்கத் திரும்பினாள். நஸ்ரின் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். இவ்வளவு சின்னதில் என்ன இருந்துவிடப் போகிறது என்று மரகதம் அதை விட்டுவிட்டாள். மற்றதெல்லாம் புது டிஸ்க்குக்குப் போனது. புதிதில் உள்ள விண்டோஸையே திறக்கும்படி மாற்றியும் வைத்தாள்.

சாப்பாடு முடிந்து வந்து ஆன் பண்ணினாள். கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது. திரை முழுக்க சொசைட்டியின் எருமை மாட்டுப் படம்.

“டீச்சர், பாருங்களேன்! புதுசுலதான் ஓடுது!”

நஸ்ரின் வந்தாள். கம்ப்யூட்டரை நிறுத்தினாள். பழைய டிஸ்க்கின் ஒயரைப் பிடுங்கி, அதை வெளியே எடுத்து மேசையில் வைத்தாள்.

“இப்போ போடுங்கக்கா.”

போட்டாள். கறுப்புத் திரை. திறக்க எதுவும் இல்லை என்று இங்கிலீஷில் ஒரு வரி.

“ஐயோ, இப்பதானே வந்துச்சு!”

“பழசு பக்கத்துல இருந்துச்சுல்ல.”

“எல்லாமே புதுசுல இருக்கே டீச்சர். நானே பார்த்துப் பார்த்துப் போட்டேன்.”

“எல்லாம் இருக்கு. எந்திரிக்கிறதுக்கு மட்டும் பழசுகிட்ட கேட்டுக்கிட்டிருந்திருக்கு.”

மரகதத்துக்கு அந்தப் பொடித் துண்டு ஞாபகம் வந்தது. எந்திரிக்கிற வழி அதில்தான் இருந்திருக்கிறது. முகம் சிறுத்துப் போனது.

“நீங்களே சரி பண்ணிக் கொடுத்துடுங்க டீச்சர். நேரம் ஆகுது.”

“தொழுதுட்டு வர்றேன்,” என்று நஸ்ரின் உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மரகதம் கதவைப் பார்த்தாள். தொழுகிறவளைக் கூப்பிட முடியுமா?

கம்ப்யூட்டரைப் பார்த்தாள். அதுவும் அவளைப் பார்த்தது.

கம்ப்யூட்டரை எழுப்புகிற ரிப்பேர் பென்டிரைவைச் சொருகினாள். பழைய டிஸ்க்கில் விட்டுவிட்டு வந்ததைப் புதிதிலேயே தனியாக உண்டாக்க வேண்டும். ஒருமுறை செய்து, பென்டிரைவைக் கழற்றிவிட்டு ஆன் பண்ணினாள். கறுப்புத் திரைதான். வாய்க்குள்ளேயே தன்னைத் திட்டிக்கொண்டாள். அதை மறுபடி சொருகி, எங்கே எழுதச் சொன்னோம் என்று பார்த்தாள். பென்டிரைவிலேயே எழுதி வைத்திருக்கிறாள்! இடத்தை மாற்றி இன்னொரு முறை செய்தாள். பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு, பிடித்த மூச்சை விடாமல் ஆன் பண்ணினாள்.

எருமை மாடு வந்தது.

கதவு திறந்தது. நஸ்ரின் முக்காட்டைச் சரி செய்துகொண்டே வந்து திரையைப் பார்த்தாள். கணக்கைத் திறந்து பார்த்தாள். காலையில் ஊற்றின பால் வரைக்கும் இருந்தது.

கம்ப்யூட்டரை நிறுத்தினாள்.

“டீச்சர், இப்பவாவது வாயைத் திறந்து சொல்லுங்க. பொழுது இறங்குது. நான் கடை போடலாமா, வேண்டாமா?”

நஸ்ரின் மேசையில் கிடந்த பழைய டிஸ்க்கை எடுத்தாள். குனிந்தாள். தொங்கிக்கொண்டிருந்த ஒயரை இழுத்து அதில் சொருகப் போனாள்.

மரகதம் பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள்.

“ஐயோ டீச்சர், அது எதுக்கு? அது இல்லாமலே எந்திரிக்குதே!”

நஸ்ரின் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அப்படியே நிமிர்ந்து மரகதத்தைப் பார்த்தாள்.

மரகதம் மெல்லக் கையை விட்டாள். தன் போனை எடுத்து ஹவுஸ் ஓனரைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, மரகதவல்லி பேசுறேன். ஜெராக்ஸ்காரரை வேற இடம் பார்க்கச் சொல்லிடுங்க.”