வறட்சியைத் தாங்கும் ரகம்

கரிசல் காட்டு ஆராய்ச்சிப் பண்ணையில் களையெடுக்கிற குருவம்மாளை அதிகாரி தணிகாசலம் கூப்பிட்டார். அவர் உருவாக்கிய புதுச் சோளத்துக்கு முன்னால் 'வறட்சியைத் தாங்கும் ரகம்' என்று பெரிய போர்டு நின்றது. சோளம்தான் வாடித் தொங்கியது.

"வெள்ளிக்கிழமை கலெக்டர் வர்றார். அதுக்குள்ள இது பச்சையாகணும். ஆனா பயிருக்குத் தண்ணி ஊத்தினோம்னு சொன்னே, உனக்கு இங்க வேலை இல்லை."

"ஊத்தாததை ஏன்யா சொல்லப்போறேன்" என்றாள் குருவம்மாள்.

வெள்ளிக்கிழமை சோளம் பச்சைப்பசேலென்று நின்றது. கலெக்டர் அவளிடமே கேட்டார்.

"இதுக்குத் தண்ணி விட்டீங்களாம்மா?"

"பயிருக்கு ஒரு சொட்டுக்கூட விடலய்யா. ஐயா போர்டுல தூசி படியுதேன்னு தினம் இருபது குடம் ஊத்திக் கழுவினேன். அது வழிஞ்சு எங்க போச்சோ, தெரியாது."

கலெக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பக்கத்து வயலைப் பார்த்தார். அங்கே கதிர் முற்றித் தலைசாய்ந்திருந்தது.

"அது?"

"எங்க ஊரு இருங்குச் சோளம்யா. அதை யாரும் கழுவலை."

மழையை மட்டுமே நம்பிய மானாவாரிக் காடுகளுக்கு அந்த விதையையே கொடுக்கச் சொன்னார் கலெக்டர். தணிகாசலத்தின் முகம் விழுந்துவிட்டது. குருவம்மாளுக்கே பாவமாகப் போயிற்று.

"கிணத்துப் பாசனத்துக்கு ஐயா சோளத்தை அடிச்சுக்க முடியாதுய்யா. தண்ணி குடிக்கிற அழகை நான்தான் கண்ணால பார்த்தேனே" என்றாள்.