கொடுக்கிற கைக்கு ஓர் அளவு

குறிஞ்சிப்பாறை மலைநூலகத்தில் மெய்யம்மை கணினி சொல்லிக்கொடுத்தாள். அவளுக்கு ஒரே ஒரு சீடர். தணிகாசலம். மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர், அவளைவிட இருபத்தேழு வயது மூத்தவர். வாய் நிறைய "குருவே" என்பார். "சும்மா இருங்க ஐயா" என்று அவள் முறைப்பாள். மனிதர் விடமாட்டார்.

நூலகக் கணினியில் ஒரு கிரிப்டோ நாணயத்தின் நோடு வைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அந்த நாணயத்தின் கொடுக்கல் வாங்கல் பதிவேடு எந்த வங்கியிலும் கிடையாது. ஊர் உலகத்தில் யார் யாரோ தங்கள் கணினிகளில் முழு நகலாக வைத்திருக்கிறார்கள். அப்படி நகல் வைத்திருக்கும் கணினிதான் நோடு. புதிதாக வருபவர், அதை முதல் பக்கத்திலிருந்து அவர்களிடம்தான் வாங்கியாக வேண்டும்.

தணிகாசலம் பதினோரு நாள் வாங்கினார். பன்னிரண்டாம் நாள் காலை திரையில் நூறு சதவீதம் என்று வந்தது. தணிகாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"யார் பெத்த பிள்ளைகளோ! என் பேர் தெரியாது, ஊர் தெரியாது. அள்ளி அள்ளிக் கொடுத்திருக்காங்களே குருவே!"

"ஆமாய்யா. இனி புதுசா வர்றவங்க உங்ககிட்டயும் வாங்குவாங்க."

அப்போதுதான் அவர் அதைக் கவனித்தார். நோடு மென்பொருள் வரும்போதே ஒரு வேக வரம்போடு வந்திருந்தது. வாங்குவதற்கு ஓர் அளவு, கொடுப்பதற்கு அதில் கால் பங்கு.

"இதென்ன கஞ்சத்தனம்? எடுத்துடட்டுமா?"

"இருக்கட்டும். தொடாதீங்க."

"கொடுக்கிற கையைக் கட்டலாமா குருவே?"

மெய்யம்மை எழுந்தாள். டீ போடப் போனாள்.

தணிகாசலம் சும்மா இருப்பாரா? கொடுக்கும் வரம்பை எடுத்தே விட்டார். எங்கெங்கோ இருக்கும் கணினிகள் அவரிடம் வாங்கத் தொடங்கின. "வாங்கிக்கோங்க, ராசாக்களா!" என்று திரையைப் பார்த்துச் சிரித்தார்.

டீ கொதிப்பதற்குள் பக்கத்துச் சுகாதார நிலையத்து நர்ஸ் ஜெசிந்தா ஓடி வந்தாள். இரண்டு கட்டடத்துக்கும் சேர்த்து ஒரே இன்டர்நெட் லைன்.

"டீச்சர், நெட்டுக்கு என்ன ஆச்சு? மிளகுத் தோட்டத்து மாரப்பனுக்கு நெஞ்சுவலி. ஈசிஜி டவுன் டாக்டருக்குப் போகவே மாட்டேங்குது. சுத்திக்கிட்டே நிக்குது!"

தணிகாசலம் பதறிப்போய் நாற்காலியோடு விலகினார்.

"நான்தான்மா. நான்தான் வரம்பை எடுத்துட்டேன்."

மெய்யம்மை அடுப்பை விட்டு ஓடி வந்தாள். உட்கார்ந்தாள், பழைய அளவைத் திரும்ப வைத்தாள்.

"இப்ப அனுப்புங்க சிஸ்டர்."

போயிற்று. டாக்டர் உடனே கூப்பிட்டு, என்ன மாத்திரை கொடுப்பது என்று சொன்னார். ஆம்புலன்ஸ் வந்து மாரப்பனை மலையிறக்கியது. மதியம் ஜெசிந்தா எட்டிப் பார்த்து, "பிழைச்சிட்டாரு" என்றாள்.

அதுவரை தணிகாசலம் நாற்காலியைவிட்டு எழவில்லை. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. குருவே என்ற பேச்சும் வரவில்லை.

"சாமி காப்பாத்துச்சு. வேணாம்மா, இதை அணைச்சிடறேன். நன்றி சொல்லப் போயி ஒரு உயிரை வாங்கப் பார்த்தேனே!"

சுவிட்சுக்குப் போன கையில் மெய்யம்மை டீ கிளாஸைக் கொடுத்தாள்.

"பதினோரு நாள் உங்களுக்குக் கொடுத்தாங்களே, அவங்க வீட்டுலயும் ஒரே லைன்தான் ஐயா இருந்திருக்கும். பக்கத்துல ஒரு மாரப்பனும் இருந்திருப்பான். அவனுக்கும் விட்டுவெச்சுதான் உங்களுக்குக் கொடுத்தாங்க."

தணிகாசலம் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, திரையைப் பார்த்துக் கும்பிட்டார். அதில் கால் பங்கு வேகத்தில் பதிவேடு யாருக்கோ போய்க்கொண்டிருந்தது.